தலைமாட்டுக் கல்

என் கணவர் மஹ்ரூப் திருகோணமலைத் துறைமுகத்தில் சுமை இறக்கும் வேலை செய்தார். பழைய கப்பல்கள் பாரத்துக்கு ஏற்றி வந்து கொட்டிய கற்குவியல் ஒன்று அங்கே கிடந்தது. ஒருநாள் அதிலிருந்து ஒரு கரிய கல்லைத் தோளில் சுமந்து வந்து, முற்றத்தில் வைத்துச் சம்மட்டியால் இரண்டாகப் பிளந்தார். உள்ளே பன்னீர்ச் சர்பத்தின் நிறம். கத்தி அதைக் கீறவில்லை. அதுதான் போத்தலைக் கீறியது. தேசிக்காய்ப் புளி விட்டுப் பார்த்தோம், நுரைக்கவில்லை.

அவருடைய மேற்பார்வையாளர் ஹெக்டர் ஐயா பெருநாளுக்கு வந்தபோது கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மங்கனீசும் சிலிக்காவும் சேர்ந்த கனியம், அதில் பல வகை உண்டு, இது எதுவென்று தனக்குப் பெயர் சொல்லத் தெரியாது என்றார். காற்றும் மழையும் பட்டால் மேலே கறுத்துவிடும் என்றும் சொன்னார். அதை நானும் கேட்டேன். கேட்டுக்கொண்டே வட்டிலப்பம் எடுக்கக் குசினிக்குள் போய்விட்டேன்.

1952இல் நெருப்புக் காய்ச்சலில் அவர் மௌத்தானார். அடக்கம் நடக்கும் மையவாடிக்கு எங்கள் பெண்கள் போவதில்லை. கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் ஒதுங்கியிருக்கும் இத்தாவில், நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். கல்லின் ஒரு பாதியைத் தம்பி பாயிஸிடம் கொடுத்து, தலைமாட்டில், அடக்கிய இடத்துக்கு அடையாளமான மீஸான் கல்லாக நடச் சொன்னேன்.

"கபுறுக்கு ரோசாக் கல்லா, ராத்தா? மச்சான் சிரிப்பார்."

"சிரிக்கட்டும்," என்றேன்.

நட்டுவிட்டு அந்த மாதமே அவன் கண்டிக்குக் கடை வேலைக்குப் போனான். மறுபாதி அலுமாரியில் என் சேலைகளுக்கிடையில் இருந்தது.

1964 புயலில் மரங்கள் சரிந்து மையவாடி குழம்பிப் போனது. நிலத்தைச் சமப்படுத்தப் போகிறார்கள், அவரவர் கபுறை அடையாளம் காட்டுங்கள் என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். அவர் கிடக்கும் இடத்தைக் காட்ட அந்தக் கல்லைத் தவிர எனக்கு வேறொன்றும் இல்லை. பாயிஸ் கண்டியிலிருந்து வந்து பகல் முழுக்கத் தேடினான். ரோசாக் கல் அங்கே இல்லை என்று, சேற்றுக் காலுடன் வாசலிலேயே நின்று சொன்னான்.

அதன் பிறகுதான் என் பாதியை எடுத்துக் கடற்பக்க யன்னலில் வைத்தேன், துஆக் கேட்கும்போது பார்ப்பதற்கு. வருடங்கள் போகப்போக அது மங்கியது. குசினிப் புகை என்று நினைத்துப் புளி போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. போன மாரியில் யன்னலைச் சாத்தும்போது அது சிமெந்துத் தரையில் விழுந்து மூலை உடைந்தது. உள்ளே அதே சர்பத் நிறம்.

ஹெக்டர் ஐயா சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாகக் கேட்டது.

அன்று பின்னேரம் பாயிஸ் வந்தான். இப்போது அவனுக்கும் தாடி நரைத்து, நடந்தால் இளைக்கிறது. புயலுக்குப் பிறகு தேடிய அன்று, மையவாடியில் கறுப்புக் கல் ஏதும் நின்றதா என்று கேட்டேன்.

"ஓம் ராத்தா, ஒண்டு நிண்டது. உரிமைக்காரர் ஒருத்தரும் இல்லையெண்டு நான்தான் பிடுங்கி மதில் கட்டக் குடுத்தனான். நல்ல பாரம்." கொஞ்சம் மூச்சு வாங்கி, "ஏன் கேக்கிறீங்க?" என்றான்.

"சும்மாதான்."

யன்னலில் இருந்த கல்லின் உடைந்த பக்கத்தைச் சுவரோடு திருப்பி வைத்துவிட்டு, அவனுக்குத் தேத்தண்ணீர் போடப் போனேன்.