நாளை பதினொரு மணிவரை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் சமையலறையிலிருந்து. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கூடத்தில் என் மனைவியும் என் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் சேர்ந்தால் வழக்கமாக வீடு இரண்டு படும். அன்று ஊசி விழுந்தால்கூடக் கேட்டிருக்கும். நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்று பார்த்தேன், ஒன்றும் விழவில்லை. ஆக, ஒன்றுமே காதில் விழாததால் பிறந்த கதை இது.

கதையின் நாயகி என் மனைவிதான். நீதிமன்றத்தில் செய்தித் தொடர்பு அலுவலர். எழுதுவதற்கு அனுமதி கேட்டபோது அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"கதைல 'என் மனைவி, என் மனைவி'ன்னு எழுதுவீங்களா?"

"இல்ல. 'அவள்'னு எழுதுவேன்."

"அப்ப சரி. அவளைப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்க. ஆனா எழுதினதை எனக்குக் காட்டணும்."

காட்டுகிறேன். பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் ஓரத்தில் எழுதித் திருப்பித் தருகிறாள். நான் கொஞ்சம் மிகைப்படுத்தினால் போதும், ஒரே குறிப்புதான்: 'தீர்ப்பில் இல்லை.' அவள் அலுவலகத்தில் நாள் முழுக்கச் சொல்கிற வாக்கியம் அது. இருபது வருடமாக வீட்டில் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

2

தொடக்கம் ஒன்று: நீதிமன்றத்தின் நீண்ட தாழ்வாரத்தில் அவளுடைய காலணிச் சத்தம் கம்பீரமாக எதிரொலித்து —

(அடித்துவிட்டேன். அவள் போடுவது ரப்பர் செருப்பு. சத்தமே வராது.)

தொடக்கம் இரண்டு: நீதிக்கும் மௌனத்துக்கும் இடையே ஆதிகாலந்தொட்டு நிலவிவரும் —

(ஓரத்தில் அவள் கேட்டிருப்பது: 'இது யாருக்கு?' பதில் தெரியவில்லை. அடித்துவிட்டேன்.)

தொடக்கம் மூன்று. இது தேறும் என்று நினைக்கிறேன்.

முக்கியமான வழக்குகளில் தீர்ப்பு முந்தின நாளே அவள் மேசைக்கு வந்துவிடும். நூறு பக்கமோ இருநூறு பக்கமோ, அதை உட்கார்ந்து படித்து, பேருந்தில் நின்றுகொண்டே படிப்பவருக்கும் புரிகிற மாதிரி ஒரே பக்கத்தில் சுருக்கி எழுத வேண்டும். மறுநாள் பதினொரு மணிக்கு நீதிபதி வாசிக்கத் தொடங்கியதும் அந்தப் பக்கத்தை நிருபர்களுக்குக் கொடுக்க வேண்டும். அதுவரை பெற்ற தாயிடம்கூட மூச்சு விடக் கூடாது.

நிருபர்கள் லேசுப்பட்டவர்களா? முதல் வருடம் அவள் முகத்தைப் பார்த்தே பாதித் தீர்ப்பை எழுதிவிடுவார்கள். அதனால் முகத்தைப் பழக்கினாள். எல்லோரையும் ஒரே மாதிரி உட்காரவைப்பாள், தேநீர் கொடுப்பாள், சர்க்கரை போதுமா என்று கேட்பாள். தூக்குத் தண்டனை ரத்தானாலும் சரி, தெரு விளக்கு வழக்கு தள்ளுபடியானாலும் சரி, அதே உபசாரம், அதே முகம். ஒருமுறை ஒரு தொலைக்காட்சி நிருபர், "தீர்ப்பைப் பத்தி நீதிபதியோட ரியாக்‌ஷன் என்ன மேடம்?" என்று கேட்டாராம். "தீர்ப்புதாங்க அவரோட ரியாக்‌ஷன்" என்றாளாம். எனக்கு மிகவும் பிடித்த பதில் இது.

அக்கா அவளுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். அவளுக்கு அதில் கோபமில்லை. கொஞ்சம் பெருமைகூட உண்டு என்பது என் எண்ணம். ('தீர்ப்பில் இல்லை' என்று எழுதி, பிறகு அவளே அழித்திருக்கிறாள்.)

3

இப்போது வழக்கு. என் அக்கா தனியாக ஒரு நாலு மாடிக் குடியிருப்பில் இருந்தாள். கட்டியவர் அனுமதி வாங்காமல் கட்டிவிட்டார் என்று பிற்பாடுதான் தெரிந்தது. இடிக்க வேண்டும் என்றது நகராட்சி. குடியிருந்தவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். வழக்கு கடைசியில் இவள் இருக்கிற நீதிமன்றத்துக்கே வந்து சேர்ந்தது.

அன்றைக்கே இவள் பதிவாளரிடம் போய், "சார், அந்தக் கட்டடத்துல என் நாத்தனார் இருக்காங்க. வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க" என்றாள். வேறு யார்? அந்தப் பிரிவில் இருப்பதே இரண்டு பேர், இன்னொருத்தி பிரசவ விடுப்பில்.

"தீர்ப்பு எழுதப்போறது நீங்க இல்லையேம்மா. சுருக்கத்தை எழுதுங்க. வாயைத் தச்சுக்கோங்க" என்றார் பதிவாளர்.

தைத்துக்கொண்டாள். தீர்ப்புக்கு முந்தின நாள் படித்தாள், எழுதினாள், உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வந்தால், கூடத்தில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள்.

[வாசகருக்கு: தீர்ப்பு என்ன என்று இந்த இடத்தில் உங்களுக்குச் சொல்வதுதான் முறை. சொல்லப்போவதில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு எனக்கும் தெரியாது.]

4

அக்கா வந்த கதை இது. ஒரு தரகர் அவள் வீட்டை அடிமாட்டு விலைக்குக் கேட்டிருந்தார். இன்று சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டால் உண்டு, நாளைக்கென்றால் இல்லை. தீர்ப்பு எதிராக வந்தால் கைக்கு வந்ததாவது மிச்சம். சாதகமாக வந்தால், சொந்த வீட்டைத் தானே தாரை வார்த்த மாதிரி ஆகிவிடும்.

"உன்கிட்ட எதுவும் கேக்க வரலம்மா" என்றாள் அக்கா. "அங்கே ஆளாளுக்கு யோசனை சொல்லியே தலையைக் குழப்பறாங்க. நீதான் ஒண்ணும் சொல்லமாட்டியே. அதான் இங்கே வந்து உக்காந்துட்டேன்."

"உக்காருங்க அண்ணி" என்றாள் இவள்.

இங்கேதான் இவள் தன் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறைச் செய்தாள். முகம் எதையும் காட்டிவிடக் கூடாதே என்று, அலுவலகத்தில் பழகிய முகத்தை அப்படியே எடுத்து மாட்டிக்கொண்டாள். முகத்தோடு உபசாரமும் சேர்ந்து வந்துவிட்டது. அக்காவின் முதுகுக்குத் தலையணை வைத்தாள். தேநீர் கொடுத்தாள். சர்க்கரை போதுமா என்று இரண்டு தடவை கேட்டாள். கடைசியில் டிவி ரிமோட்டை எடுத்து அக்கா கையிலேயே கொடுத்துவிட்டாள்.

நிருபர்களுக்கு இது தினப்படி. எங்கள் வீட்டில் இது நடந்ததே இல்லை. மற்ற நாளாக இருந்தால், "அண்ணி, சும்மா உக்காராம அந்தத் துணியை மடிச்சு வைங்க" என்றிருப்பாள். அந்த ரிமோட்டுக்காக அவர்கள் பதினைந்து வருடமாகச் சண்டை போடுகிறார்கள்.

அக்கா ரிமோட்டைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள். தேநீரை வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"சரிம்மா. எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"என்ன புரிஞ்சுது?"

"நீ எதுவும் சொல்லல, நானும் எதுவும் கேக்கல. மூஞ்சில ஈயாடல, கையில ரிமோட்டைக் குடுக்கற. வீடு போயிடுச்சுன்னு இதுக்கு மேல எப்படிச் சொல்லுவாங்க? நான் போய் கையெழுத்தைப் போட்டுடறேன்."

5

இந்த இடத்தில் நான் மூன்று நாள் மாட்டிக்கொண்டேன். அவள் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். 'போடாதீங்க' என்றால் அது தீர்ப்பைச் சொன்ன மாதிரி. பேசாமல் இருந்தாலோ, நீதிமன்றம் வாய் திறப்பதற்கு முன்பே இவள் முகம் ஒரு தீர்ப்பைக் கொடுத்து, அக்கா அதை நம்பிப் புறப்படுகிறாள். உள்ளே இருப்பது என்னவென்று இவளுக்குத் தெரியும், சொல்லத்தான் முடியாது.

முடிவு அ: அவள் லேசாகக் கண்ணைச் சிமிட்டினாள் —

(ஓரக் குறிப்பு: 'இப்படி எழுதினால் என் வேலை போகும். நியாயமாகவே போகும்.' அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: அக்கா படியிறங்கிப் போவதை அவள் கல்லாய்ச் சமைந்து பார்த்துக்கொண்டு —

(இதை நானே அடித்தேன். என் அக்கா அது.)

நடந்ததையே எழுதிவிடுகிறேன். கையெழுத்து என்று அக்கா சொன்னது கேட்டு நான் கத்தியும் கையுமாகக் கூடத்துக்கு ஓடிவந்தேன். இவள் எழுந்து நின்றிருந்தாள். செய்தியாளர் அறையில் நிற்கிற அதே நேர் நிலை. குரலும் அலுவலகக் குரல்தான்.

"அண்ணி, நீதிமன்றத்துலேருந்து இதுவரைக்கும் எந்தத் தகவலும் வெளிவரல. என் மூஞ்சிலேருந்தும் வரல. நான் டீ குடுத்ததுக்கும் தீர்ப்புக்கும் சம்பந்தம் கிடையாது. நல்ல தீர்ப்பா இருந்தாலும் இதையேதான் செஞ்சிருப்பேன், கெட்ட தீர்ப்பா இருந்தாலும் இதையேதான் செஞ்சிருப்பேன். ஆபீஸ் புத்தி. ரிமோட் குடுத்தது என் தப்பு. திருப்பிக் குடுங்க."

அக்கா சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கைப்பையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். "அதெல்லாம் முடியாது, குடுத்தது குடுத்ததுதான்" என்று ரிமோட்டைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத் தரகர் போன் பண்ணினார்.

"நாளைக்குப் பதினொரு மணிக்கு மேல பேசுங்க" என்றாள் அக்கா. அவர் ஏதோ சொன்னார். "வேண்டாம்னா விடுங்க. யாரோட மூஞ்சியையும் பார்த்து நான் வீட்டை விக்கறதா இல்ல."

அன்று மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். நன்றாகவே சாப்பிட்டோம்.

6

இதை எழுதிக்கொண்டிருந்தபோது, வெகு நாளாகக் கேட்க நினைத்ததை அவளிடம் கேட்டேன்.

"தீர்ப்பு வேற மாதிரி இருந்திருந்தா, அப்பவும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பியா?"

"அதே வார்த்தைதான்."

"அதை நம்பித்தானே அக்கா கையெழுத்துப் போடாம இருந்தா. தீர்ப்பு எதிரா வந்தா ஒண்ணுமில்லாம நிப்பாளேன்னு அன்னைக்குத் தோணலையா?"

"எப்படி நிப்பாங்க? வழக்கு எங்க கோர்ட்டுக்கு வந்த வாரமே, அவங்க இங்கே வந்து இருக்கற மாதிரி ஆனா வேணுமேன்னு உள் ரூம் அலமாரியைக் காலி பண்ணிட்டேன். தீர்ப்பு என் கைக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. அண்ணிகிட்ட வாயைத் திறக்க முடியாது. அலமாரியைத் திறக்கலாம்ல?"

"அதுல என் பழைய கதைக் கட்டெல்லாம் இருந்துதே!"

"பரண்ல இருக்கு."

எனக்கு அவள் மேல் அவ்வளவு பிரியம் வந்தது. ('தீர்ப்பில் இல்லை' என்று இதற்கும் எழுதுவாள் என்று காத்திருந்தேன். எழுதவில்லை.)

தீர்ப்பு இப்போது யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கக்கூடிய ஆவணம். ஆனாலும் இங்கே எழுதவில்லை. அவள் சொன்னது இரண்டு தீர்ப்புக்கும் பொருந்துகிறதா என்று நீங்களே வைத்துப் பாருங்கள். உள்ளறையில் மரக்கதவு போட்ட அந்த அலமாரி இருக்கிறது. கதவு கொஞ்சம் இழுக்கும், தூக்கித் திறக்க வேண்டும். திறந்து, அக்காவின் துணிமணிகளை அதில் அடுக்குங்கள். மனம் வரவில்லையென்றால், பரணிலிருந்து என் கட்டுகளை இறக்கி மறுபடி அதிலேயே வையுங்கள்.