அண்ணாச்சியின் வேட்டி மாடிக்குப் போன நாள்

எங்கள் தெருவுக்குள் எது நுழைந்தாலும் முதலில் என் ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். பஷீர் பாயின் பரோட்டாக் கடைக்கு மேலே குடியிருப்பதில் உள்ள ஒரே வசதி அது. காலடிப்பேட்டையிலேயே பெரிய வேவுக்காரி இந்த எப்சிதான் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களும் ஏதாவது தெரிய வேண்டுமென்றால் என்னிடம்தான் வருகிறார்கள்.

அதனால் ரமாபாயின் மிஷின் வந்ததையும் நான்தான் முதலில் பார்த்தேன். குட்டியானை வண்டியில், தார்ப்பாய் போர்த்தி, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி மெதுவாக வந்தது. சண்முகவேல் அண்ணாச்சியின் பழைய வெங்காய குடோன் வாசலில் வண்டி நின்றது. இறங்கியவள் ஒல்லியான பெண். நாலு ஆட்கள் மிஷினைத் தள்ளினார்கள், அவள் ஒருத்தியே அதட்டினாள். உள்ளே போனதும் மிஷினுக்கு ஒரு முழம் பூ சுற்றிவிட்டு, அதே கையோடு பஷீர் பாய் கடையில் டீ சொன்னாள். விஷயம் தெரிய எனக்குப் படியிறங்கும் நேரம்தான் ஆயிற்று.

கப் சாம்பிராணி செய்கிறாளாம். வெள்ளிக்கிழமை வீட்டில் ஏற்றுவோமே, சின்னக் கிண்ணம் மாதிரி, அதுதான். கரித்தூளையும் சாம்பிராணிப் பொடியையும் பசை விட்டுப் பிசைந்து அச்சில் அழுத்தினால் கப். இதுநாள் வரை வியாசர்பாடி ஹவுசிங் போர்டில், தன் ஒற்றை ரூமில், கை அச்சில் அழுத்திக்கொண்டிருந்தாள். கார்த்திகைக்குப் பாரிமுனைக் கடைக்காரர்கள் கேட்கிற அளவுக்குக் கை அச்சு காணாது. மிஷின் அந்த ரூமின் கதவுக்குள்ளேயே நுழையாது. ஆக, அவளுக்கு இந்த குடோன் கிடைத்தால் கம்பெனி, கிடைக்காவிட்டால் மிஷின் ரோட்டில்.

குடோன் அண்ணாச்சியுடையது. ஆனால் அண்ணாச்சி அரிசி மண்டி முதலாளி மட்டுமல்ல, எங்கள் தெரு நலச் சங்கத்தின் தலைவரும்கூட. தெருவில் ஒருத்தர் முகம் சுளித்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. தெருக்காரர்கள் சம்மதித்தால் வாடகைக்கு விடுகிறேன், இல்லையென்றால் என்னைக் குறை சொல்லாதே என்று ரமாபாயிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அவள் அதை நம்பி மிஷினையும் இறக்கிவிட்டாள். தைரியம் என்பதா, அசட்டுத்தனம் என்பதா என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

சங்கக் கூட்டம் மண்டியில், அரிசி மூட்டைகள் மேல் நடந்தது. முகம் சுளிக்க எங்கள் தெருவில் ஆள் பஞ்சமே கிடையாது. அதில் முதல் இடம் குடோனுக்கு எதிர் வீட்டுச் சிவந்திக்கு.

"மூட்டை மூட்டையா கரித்தூளு வந்து எறங்குது. நாங்க துணி காயப் போட்றதா வேணாவா?" என்று ஆரம்பித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "யார் யாரோ வருவாங்க, போவாங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அந்த 'யார் யாரோ'வுக்குள் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு முழுக்க இருந்தது. அது எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் கரித்தூளைப் பற்றியே பேசினார்கள்.

ரமாபாய்க்கும் கேட்டிருந்தது. "யார் யாரோன்னா பேரு கேளுக்கா, சொல்றேன். ஆறு பேருதான். கரி வேலைன்றதால வேல முடிஞ்சதும் குளிச்சிட்டுத்தான் தெருவுல எறங்குவாங்க. இந்தத் தெருவுல எத்தினி பேரு அப்டி எறங்கறாங்கன்னு எனக்குத் தெரியாது."

பஷீர் பாய் இருமினார். அது சிரிப்பு என்று பக்கத்து மூட்டையில் இருந்த எனக்குத் தெரியும்.

சிவந்தி விடவில்லை. "அண்ணாச்சி கட்டிக்கினு கீறாரே, அந்த வேட்டியப் பாருங்க. எப்டி கீது? இந்த மிஷின் ஓடினா இந்த வெள்ள நிக்குமா?"

அடித்தாளே ஒரு அடி. அண்ணாச்சியின் வேட்டி எங்கள் தெருவின் பெருமை. உப்பு மாதிரி வெளுப்பு. தெருவில் வெள்ளை உடுத்துகிறவர் அவர் ஒருவர்தான். மற்ற ஆண்களெல்லாம் பாசிப் பச்சை, காக்கி, பழுப்பு. கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைக்கூட மறுமாதமே பெட்டியில் வைத்துவிடுவார்கள். ஏன் என்று யாரும் யோசித்ததில்லை. அன்றைக்கு நானும் யோசிக்கவில்லை.

அண்ணாச்சி தன் வேட்டியைக் குனிந்து பார்த்தார். மடியில் தடவினார். தீர்ப்பு அங்கிருந்துதான் வந்தது.

"இங்க பாரும்மா. ஞாயித்துக்கெழம நீ பகல் பூரா மிஷின ஓட்டு. என் வேட்டி ஒண்ண மொட்ட மாடியில காயப் போடுதேன். சாயங்காலம் வெள்ளையா இருந்தா சங்கம் சம்மதிக்கும். கறுத்துச்சுன்னா நீ வேற எடம் பாத்துக்கிடணும். வேட்டிய யாரும் தொடாம எப்சியம்மா பாத்துக்கிடட்டும். அவுங்க எப்படியும் பாத்துக்கிட்டுதான இருப்பாவ."

கூட்டம் சிரித்தது. நான் அதைப் பதவியாகவே எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டி மாடிக்கு ஏறியது. கொடியில் க்ளிப் போட்டு மாட்டிவிட்டு, அண்ணாச்சி குடும்பத்தோடு தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். சிவந்தி பையை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனாள். ரமாபாய் தன் ஆறு பேரோடு வந்து குடோனைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள். கரண்ட் கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். யாருக்கோ போன் போட்டாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

விஷயம் இதுதான்: கரண்டின் மூன்று பேஸில் ஒன்று போய்விட்டது. எங்கள் தெருவில் இது மழைக்கு முந்தைய மாதங்களில் சகஜம். வீடுகளுக்கு ஒரு பேஸ் போதும். பாதி வீடுகளில் ஃபேன் ஓடும், டிவி ஓடும், கரண்ட் போனதே தெரியாது. ஆனால் அந்த மாதிரி மிஷினுக்கு மூன்றும் வேண்டும். ஒன்று இல்லாமல் ஓட்டினால் மோட்டார் புகைந்துவிடும்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டாள். மேளச் சத்தத்தில் அவர் எடுக்கவில்லை. கூட வந்த ஆறு பெண்களையும் அனுப்பிவிட்டுக் குடோனைப் பூட்டினாள். பிறகு நேரே எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தது சிவந்தியின் புருஷன் வெற்றி. கன்டெய்னர் யார்டில் ராத்திரி வேலை முடித்து வந்து படுத்த மனுஷன், கண்ணைத் திறக்காமலே நின்றான். பேஸ் இல்லை, மிஷின் ஓடாது, மின்வாரிய ஆள் வந்தால் திறந்துவிடச் சொல்லுங்கள், நான் சாயந்திரம் வருகிறேன் என்று சொல்லிச் சாவியை அவன் கையில் கொடுத்தாள். அவன் தலையாட்டினான். கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினான். திரும்பப் போய்ப் படுத்தான்.

தெருவில் எத்தனையோ வீடு இருக்க, சாவியை அந்த வீட்டில் ஏன் கொடுத்தாள்? குடோனுக்கு நேர் எதிர் வீடு அதுதான் என்பது ஒரு காரணம். வேறு காரணம் உண்டா என்று அவளிடம் பிற்பாடு பல முறை கேட்டுவிட்டேன். சிரிக்கிறாளே தவிர வாயைத் திறக்க மாட்டேனென்கிறாள்.

இதையெல்லாம் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நான் தெருவுக்குச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சொன்னால் கேட்க நாலு பேர்கூடத் தேற மாட்டார்கள். நல்ல விஷயத்தை அப்படி வீணாக்கலாமா?

மீனோடு திரும்பிய சிவந்தி, வாசலில் உட்கார்ந்து வஞ்சிரத்தை ஆய்ந்துகொண்டே போகிற வருகிறவர்களிடமெல்லாம் முறையிட்டாள். காலையிலிருந்து டக்கு டக்கென்று ஒரே சத்தமாம், மண்டை ரெண்டாகப் பிளக்கிறதாம். சத்தம் இருந்தது உண்மை. என் காலுக்குக் கீழே பஷீர் பாய் கொத்துப் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்ததும் தெருவே அண்ணாச்சி வீட்டு மாடியில் கூடிவிட்டது. கல்யாண வீட்டிலிருந்து வந்த பட்டு வேட்டியோடே அண்ணாச்சி முன்னால் ஏறினார். நான் காவல் அதிகாரி, பின்னாலேயே ஏறினேன்.

கொடியில் தொங்கியது அண்ணாச்சியின் வேட்டி என்று சத்தியம் செய்தால்தான் நம்புவார்கள். மேல் மடிப்பு முழுக்க, பென்சில் சீவிக் கொட்டியது போல் கறுப்பு. மற்ற இடமெல்லாம் பாத்திரம் துடைத்த துணியின் நிறம். அண்ணாச்சி ஒரு விரலால் தடவி, விரலைப் பார்த்தார். துக்க வீட்டில் நிற்பது மாதிரி நின்றார்.

சிவந்திக்கு அது பண்டிகை. "நான் அன்னிக்கே சொன்னனா இல்லியா? ஒரு நாளுக்கே இப்டி. வருஷம் பூரா ஓட்டினா நம்ம நுரையீரலு இன்னாவும்?" என்றாள். கூட்டம் 'ஆமா ஆமா' என்றது. அன்றுவரை வாயே திறக்காதவர்கள்கூட மிஷினைத் திட்டினார்கள். நேற்று வந்தவளைத் திட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது, என்ன செய்வது.

ரமாபாய் கடைசியாகப் படியேறி வந்தாள். வேட்டியைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். அது நடிப்பில்லை. வேட்டி கறுக்கும் என்று அவளும் எதிர்பார்த்திருக்கவில்லை. பிறகு மெதுவாக அந்த முகத்தில் ஏதோ ஏறியது.

"எப்போத்லேந்து சத்தம் கேட்டுச்சுக்கா?"

"காத்தாலேந்து. ஒரு நிமிசம் நிக்கல."

"மிஷின் இன்னிக்கு ஓடவே இல்லியேக்கா. ஒரு பேஸ் இல்ல. குடோனு பூட்டிக் கெடக்குது."

"ரீலு வுடாத. பூட்டிக் கெடந்தா சாவியக் குடு, தொறந்து பாத்துடலாம்."

"சாவி எங்கிட்ட இல்லியே."

சிவந்தி ஜெயித்த புன்னகையோடு கூட்டத்தைப் பார்த்தாள். அப்போதுதான் கூட்டத்தின் பின்னாலிருந்து, தூக்கம் தெளியாத குரலில் அவள் புருஷன் பேசினான்.

"சாவி நம்ம வூட்லதான் கீது. காத்தால குடுத்துட்டுப் போய்ட்டாங்க. கதவாண்ட, ஆணில."

நேரம் பார்த்து நான் என் சாட்சியையும் அவிழ்த்தேன்: கம்பத்தைப் பார்த்தது, பூட்டியது, கதவைத் தட்டியது, எல்லாம். நாள் முழுக்க அடக்கி வைத்திருந்ததற்கு அந்த ஐந்து நிமிஷமே கூலி. ஆள் போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்து குடோனைத் திறந்தார்கள். மிஷின்மேல் தார்ப்பாய் போட்டபடி இருந்தது. கரித்தூள் மூட்டைகள் தையல்கூடப் பிரிக்கவில்லை.

"அப்பொ இந்தக் கறுப்பு எங்கேருந்து வந்துச்சு?" என்றார் அண்ணாச்சி. "என் வேட்டி என்னைக்கு இப்படி ஆயிருக்கு?"

பதில் அவர் மனைவி ராமசெல்வியிடமிருந்து வந்தது. "நான் என்னைக்கு ஒங்க வேட்டிய மாடியில போட்டேன்? கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த மறுவாரமே வெளிய காயப் போடுதத நிறுத்திட்டேன். ஜன்னல எல்லாம் சாத்திட்டு ரூம்ல, ஃபேனுக்கு அடியிலல்லா காயுது."

அண்ணாச்சி அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவளுக்கு இன்னொரு குடும்பம் இருப்பதாகச் சொல்லியிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

யாரும் சொல்லாமலே எல்லோரும் வடக்கே திரும்பினோம். எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கிகள் வரிசையாக நின்றன. காலையில் துடைத்த தரையில் மத்தியானம் நடந்தால் பாதம் கறுப்பது, பெட்டிக்குள் போன வெள்ளைச் சட்டைகள், எல்லாம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அங்கிருந்து கரி எத்தனை காலமாகப் படிந்துகொண்டிருக்கிறது, நாங்கள் ஒரு சாம்பிராணிக்காரியைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தோம்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமி, சங்கம் சம்மதிக்கிறது என்றார். அதோடு முடிந்திருக்கும். ரமாபாய் விடவில்லை.

"மிஷின் ஓடாத நாளுக்குக் கெடச்ச சம்மதம் எனக்கு வேணாம் அண்ணாச்சி. நாளைக்கு இன்னொருத்தரு வந்து அதே பேச்ச பேசுவாங்க. வர ஞாயித்துக்கெழம ஓட்றேன். ரெண்டு வேட்டி குடுங்க. ஒண்ணு இங்கயே மாட்டுங்க. இன்னொண்ணு என் குடோனுக்குள்ள, மிஷின் பக்கத்துலயே கட்டுங்க. காவலுக்குச் சிவந்தி அக்காவே உள்ள ஒக்காரட்டும்."

எனக்குப் பதவி போன வருத்தம் கொஞ்சம் இருந்தது. இருந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் எதற்காகவும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். மூன்று பேஸும் இருந்தன. மிஷின் பொழுது சாயும் வரை ஓடியது. ஈரமாகப் பிசைந்த கரி பறக்கவேயில்லை. சிவந்தி நாற்காலி போட்டு, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதியத்துக்குள் முந்தானை இறங்கிவிட்டது. அதற்கப்புறம் நாற்காலியும் காலியாகிவிட்டது. ரமாபாயின் ஆட்களோடு தரையில் உட்கார்ந்து, அச்சிலிருந்து விழுகிற கப்பைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சாயந்திரம் இரண்டு வேட்டியையும் தெரு நடுவில் விரித்துப் பிடித்தார்கள். மாடி வேட்டி போன வாரம் மாதிரியே சாம்பல். கரி குடோனுக்குள் தொங்கிய வேட்டி வெள்ளை. அதில் ஒரே ஒரு கறை: ஓரத்தில் கட்டைவிரல் அச்சு. காவல் காத்தவளுடையது.

கைதட்டலை ஆரம்பித்தது பஷீர் பாய். முடித்து வைக்க ஆளில்லாமல் அது தெருக்கோடி வரை போனது. அண்ணாச்சி அங்கேயே, அரிசி மண்டி முத்திரையை வரவழைத்து, சங்கத்தின் சம்மதத்தை எழுதிக் கொடுத்தார். அன்று எல்லா வீட்டுக்கும் ஒரு கப் இலவசம். விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் தெருவில் ஒரே வாசனை, ரயிலில் போனவர்கள்கூட எட்டிப் பார்த்திருப்பார்கள்.

மாடி வேட்டி இப்போது சங்கத்தின் சொத்து. அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணூர்ப் புகையைப் பற்றி மனு கொடுக்கப் போன கூட்டத்துக்கு முன்னால் நின்று பேசியது சிவந்திதான். பேசுவதற்கு அவளை விட்டால் யார்? பதில் இன்னும் வரவில்லை. அவளும் விடுகிறவள் இல்லை.

பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி போன வாரம், "உங்க தெருவுல கரிக் கம்பெனி வெச்சிக்கீறாங்களாமே, துணி எல்லாம் கலீஜாகலியா?" என்று அவளிடம் கேட்டுவிட்டாள். சிவந்தி அவள் கையைப் பிடித்து குடோனுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். நானும் ஜன்னலை விட்டுக் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

மிஷினுக்குப் பின்னால் ஒரு கொடி. அதில் வெற்றியின் கல்யாணச் சட்டை, பெட்டியை விட்டு வெளியே வந்து, வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது.