செத்த கடனும் இருபது டாலரும்

டேட்டன் நகரம் விழிக்கும் முன்பே ஆஸ்பத்திரித் துணிகள் சலவைக்கூடத்தில் வந்து இறங்கிவிடும். வெர்னா இயந்திரத்துக்குள் குனிந்து விரிப்புகளை அள்ளி இழுத்தாள். ஈரத்துணி பிணமாய்க் கனத்தது. பிளீச்சிங் நெடியில் கண் எரிந்தது, நீராவியில் மூச்சு முட்டியது.

இடைவேளையில் மற்றவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வெர்னா மட்டும் தன் பழைய காருக்குள் போய் ரொட்டியைக் கடிப்பாள். கடன் வசூல் கம்பெனியின் போன் வந்தால் யாரும் பார்த்துவிடக் கூடாது.

பல வருஷங்களுக்கு முன்பு, புருஷன் அவளை விட்டுப் போனபோது, கிரெடிட் கார்டைத் தேய்த்துத்தான் வாடகை கட்டினாள், வயிற்றைக் கழுவினாள். பாக்கியை வங்கி சல்லி விலைக்கு எவனுக்கோ விற்றுவிட்டது. காலம் கடந்த கடன். அதை வைத்துக் கோர்ட்டுக்குப் போக முடியாது. கிரெடிட் ஸ்கோரில்கூட அதன் சுவடு அழிந்திருந்தது. இதெல்லாம் அவளுக்கு யார் சொன்னார்கள்?

பனி கொட்டிய ஒரு மாலையில், போனில் ஒரு பெண் குரல் குழைந்தது. "உடம்பு எப்படிம்மா இருக்கு? சும்மா இருபது டாலர் கட்டுங்க. உங்க நல்ல மனசு தெரியட்டும்."

அந்த வாரம் முழுக்க அவளை நலம் விசாரித்தது அந்தக் குரல் ஒன்றுதான். கட்டினாள். கட்டியவள் கடனை ஒப்புக்கொண்டவள் என்றது சட்டம். செத்த கடன் எழுந்து உட்கார்ந்து வழக்குப் போட்டது.

வியாழக்கிழமை கோர்ட்டுக்குப் போக மேலாளர் கிரெய்டனிடம் லீவு கேட்டாள்.

"கோர்ட்டுக்குப் போயி என்ன கிழிக்கப் போறீங்க?" என்றான் அவன், கூடம் முழுக்கக் கேட்க. "தீர்ப்பு வந்தா உங்க சம்பளத்துல கால்வாசியப் பிடிச்சு அனுப்பறது என் வேலை. வாங்கினா கட்டணும். அதான் மானம்."

வெர்னாவுக்குப் பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது.

இஸ்திரி இயந்திரத்தை நிறுத்தினார் ஓடெல். "எனக்குந்தான் பிடிக்கிறீங்க, சார்."

"எனக்கும்," என்றாள் துணி மடிக்கும் மரிசேலா.

வெர்னா திகைத்துப் பார்த்தாள். "நீங்க சொல்லவே இல்லையே?"

"நீ சொன்னியா?" என்றார் ஓடெல். "நானும் வெக்கப்பட்டுக்கிட்டு கோர்ட்டுக்கே போகல. வராதவன் தோத்தவன்னு எழுதிட்டாங்க."

"கடன் பத்திரத்தக் காட்டச் சொல்லுங்க, மிஸ் வெர்னா," என்றாள் மரிசேலா. "எங்க மாமா கேட்டப்ப அவங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. கேஸே தள்ளுபடி ஆயிடுச்சு."

"மெஷினப் போடு, ஓடெல்," என்றான் கிரெய்டன்.

"போடறேன். வியாழக்கிழமை எனக்கும் லீவு."

"எனக்கும்," என்றாள் மரிசேலா. வேறு சில குரல்களும் சேர்ந்தன.

"எல்லாரும் போனா துணிய யாரு தொவைப்பா? வேலைய விட்டுத் தூக்கிருவேன்."

"தூக்குங்க," என்றாள் மரிசேலா. "அப்புறம் தினமும் நீங்களே தொவைங்க."

வியாழக்கிழமை கோர்ட்டில் குமாஸ்தா பெயர்களை வாசித்துக்கொண்டே போனார். பதில் இல்லை. ஒவ்வொரு மௌனமும் ஒரு தீர்ப்பானது. கம்பெனி வக்கீல் தலை நிமிராமல் குறித்துக்கொண்டிருந்தார்.

"வெர்னா டிராக்ஸ்லர்."

"இருக்கேன்."

பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. வேலை உடுப்போடு ஆறு பேர் எழுந்து நின்றார்கள். வக்கீல் நிமிர்ந்தார்.

"இவங்கல்லாம் யாரு?" என்று கேட்டார் நீதிபதி.

வெர்னா திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் நாவுக்குப் பழக்கமில்லாத சொல் அது.

"எங்க ஆளுங்க," என்றாள். "அந்தக் கடன் பத்திரத்தக் காட்டச் சொல்லுங்க, ஐயா. நாங்க பாக்கணும்."