பாத்திரக் கடையில் மூன்று சாக்ஸபோன்

செஞ்சிப் பக்கம் வல்லத்துக்குப் பக்கத்து ஊரில் மாதா கோவில் பேண்டில் சாக்ஸபோன் வாசிக்கிறவள் ஸ்டெல்லா. போன வருஷத் திருவிழாவில் தேருக்கு முன்னால் நடந்துகொண்டே வாசித்தபோது, பாட்டு அடி சுரத்துக்கு இறங்கிய இடத்தில் வாத்து கத்தினாற்போல ஒரு சத்தம் வந்தது. தேர் இழுத்தவர்களே சிரித்துவிட்டார்கள். பேண்டு மாஸ்டர் தோமினிக், "மூணு புள்ள பெத்தாச்சு, மூச்சு எங்கேர்ந்து வரும்" என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். சொன்னவர் மறந்துவிட்டார். அவள் மறக்கவில்லை, கண்ணுகளா. அதற்கப்புறம் அடி சுரம் வரும் இடத்திலெல்லாம் வாயை மட்டும் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றாள்.

இந்த வருஷக் கொடியேற்றம் சனிக்கிழமை. தனி வாசிப்பு அவளுக்கா வெளியூர் ஆளுக்கா என்று மாஸ்டர் இன்னும் சொல்லவில்லை. அவள் புருஷன் மரியசெல்வம் திருவிழாக்களுக்கு சீரியல் பல்பு கட்டுகிறவன். பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு கடைக்காரரிடம் பேசி, பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பித் தருவதாக இரண்டு புது சாக்ஸபோன் கொண்டுவந்துவிட்டான். ஒன்றின் பெயர் பெல்மிரா, மற்றது டெரோவா. மாஸ்டர் முப்பது வருஷத்தில் இரண்டையும் கேள்விப்பட்டதில்லை. வந்து இரண்டு நாளாகியும் ஸ்டெல்லா ஒன்றையும் ஊதிப் பார்க்கவில்லை. புதுசிலும் அதே சத்தம் வந்தால் குறை தன்மேல்தான் என்று ஆகிவிடுமே.

பெயர் தெரியாத பித்தளையை அந்த ஊர்க்காரர்கள் சோதிக்கிற இடம் ஒன்றுதான். கோவில் மணியோ கல்யாணக் குடமோ, செஞ்சி கடைத்தெருவில் பாண்டுரங்கன் பாத்திரக் கடைத் தராசில் ஏற்றாமல் வாங்கமாட்டார்கள். மாஸ்டரும் அங்கேதான் வரச் சொன்னார். பழையதையும் எடுத்துவரச் சொன்னார், பழம் பித்தளைக்குப் போட்டுவிடலாம் என்று.

பாண்டுரங்கன் பெல்மிராவை நிறுத்துப் பார்த்தார். பூவேலை செய்து தங்கமாய் மின்னியது அது. டெரோவா மங்கல் நிறம். முந்நூற்றைம்பது கிராம் குறைவு.

"இதுதாம்மா கனம்" என்று பெல்மிராவின் வாயைச் சுண்டினார். "தகடு கெட்டி. தண்ணி மொண்டா பத்து வருஷம் தாங்கும்."

"நான் இன்னா தண்ணி மொள்ளவா வாங்குறேன், அண்ணே?"

"கெட்டின்னா கெட்டிதான்" என்றார் மாஸ்டர். "முடிஞ்சுது. நாலு மணி பஸ்சுக்கு அந்த இளைச்சத அனுப்பிடு, மரியசெல்வம்."

மரியசெல்வத்துக்கும் பூவேலைதான் பிடித்திருந்தது. ஆனால் ஸ்டெல்லாவின் விரல் சும்மா இல்லை. பெல்மிராவின் துளைகளை மூடும் சாவிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தாள். ஆடும் பல்லைப் போல ஆடின. டெரோவாவில் ஒன்றுகூட ஆடவில்லை.

"ஏங்க, உங்க பையில இருக்குற பல்பு சரத்த எடுங்க" என்றாள். "ரிப்பேர் பண்றவர் ஒருத்தர் உள்ள லைட்ட உட்டுப் பாக்குறத போன்ல பாத்தேன்."

கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத சரக்கறை. பகலிலும் இருட்டு. குடங்களுக்கு நடுவே நான்கு பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கதவைச் சாத்தியதும் வேர்த்துக் கொட்டியது. பெல்மிராவுக்குள் சின்ன பல்புச் சரத்தை இறக்கி, ஸ்டெல்லா சாவிகளை மூடினாள். மூடியிருக்கவேண்டிய மூன்று இடத்தில் வெளிச்சம் கசிந்தது.

"நல்லா அமுக்கு" என்றார் மாஸ்டர்.

அழுத்தினாள். வெளிச்சம் நின்றது.

"பாத்தியா, சரியாப் போச்சு."

"ரெண்டு மணி நேரம் தேருக்கு முன்னால இப்படி அமுக்கினே நடக்கறது நீங்களா, மாஸ்டர்?"

பாண்டுரங்கன் இருட்டில் சிரித்தார். டெரோவாவில் விரலை லேசாக வைத்ததுமே எல்லாம் இருண்டுபோயின. மேலே ஒரே ஒரு இடத்தில் மட்டும் கடுகளவு வெளிச்சம்.

"இதையும் பாத்துடலாம்" என்று ஸ்டெல்லா பழையதை எடுத்தாள். சரத்தை மரியசெல்வமே வாங்கி உள்ளே இறக்கினான்.

எல்லாச் சாவியும் ஒழுங்காக மூடின, நடுவில் ஒன்றைத் தவிர. அதன் ஓரத்தில் பிறைநிலா மாதிரி வெளிச்சம். எவ்வளவு அழுத்தியும் போகவில்லை. பாண்டுரங்கன் விரலால் தடவிப் பார்த்து, "சாவியத் தாங்குற கம்பி வளைஞ்சிருக்குதும்மா. நூலளவு. மேல இன்னாவோ பாரம் ஏறியிருக்குது" என்றார்.

"நான்தான்" என்றான் மரியசெல்வம். "போன வருஷம் தேருக்கு லைட்டு கட்ட வந்தப்போ இரும்பு ஏணிய வண்டில போட்டேன். கீழ எதையோ போர்வை போட்டு மூடி, மெத்துனு இருந்துச்சு. மெத்தைனு நெனச்சேன். அப்புறமாத்தான் பாத்தேன், உன் பெட்டி. ஒண்ணும் ஆவலைனு சொல்லாம உட்டுட்டேன்."

ஸ்டெல்லா திரும்பி அவனைப் பார்த்தாள். அடிப்பாளோ என்று மாஸ்டர் கொஞ்சம் நகர்ந்துகூட உட்கார்ந்தார். அவள் டெரோவாவை எடுத்து, அதன் கழுத்துக் குழாயைப் பொருத்தி, ஊதுவாயில் இருக்கும் நாணல் ரீடை நாக்கில் நனைத்து, ஒரு வருஷமாகத் தொடாத அந்த அடி சுரத்தை ஊதினாள்.

சுரம் ஆடாமல் நின்றது. நீண்டது. சுற்றியிருந்த குடங்களெல்லாம் வயிற்றுக்குள்ளிருந்து ரீங்காரம் போட்டன. மூச்சு முடியும் என்று மாஸ்டர் காத்திருந்தார். முடியவில்லை.

கடைசியில் சுரம் அடங்கியதும் மாஸ்டர் எழுந்து கதவைத் திறந்தார். "சனிக்கெழம அஞ்சு மணிக்கே வந்துடும்மா. கொடியேத்தத்துக்கு நீதான்." ஒரு காலை வெளியே வைத்துவிட்டு நின்றார். "அன்னிக்கு வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்."

"பரவால்ல, மாஸ்டர். உங்களுக்கு அஞ்சு புள்ள. மூச்சு வாங்கத்தான் செய்யும்."

பாண்டுரங்கன் பழையதைத் தராசுப் பக்கம் கொண்டுபோனார். ஸ்டெல்லா வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். கம்பியை நிமிர்த்தினால் போதும், அதன்மேல் ஒரு தப்பும் இல்லை.

நாலு மணி பாண்டிச்சேரி பஸ்சில் மரியசெல்வம் பெல்மிராவைத் தூங்குகிற பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஸ்டெல்லா ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

"போயிட்டு சீக்கிரம் வாங்க. உங்க ஏணிக்கு வேற எடம் பாக்கணும்."