அக்கினிகேதுவின் கிரிவலம்

இதனால் ஈரேழு பதினான்கு லோகங்களுக்கும் வேங்கிக்கால் புது மனைப்பிரிவுக்கும் அறிவிப்பது யாதெனில்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் வருடம் ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில், மூவுலகையும் நடுங்கவைத்த கும்பாசுரன் வதம் செய்யப்பட்டான். இடம், குமரேசன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், மாடி.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே டைப்பிங் கிடையாது; படிக்க வருபவர்களில் மூவரோடு மாஸ்டர் குமரேசன் ஆடும் ஆட்டம் உண்டு. ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர், பெட்டியின் கனத்தைக் குறைக்க விட்டுப்போன ஆட்டப் புத்தகமும் இருபது முகப் பகடையும் குமரேசன் கைக்கு வந்திருந்தன. ஆட்டம் எளிது. ஒருவர் கதை சொல்வார், இங்கே குமரேசன். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகி, என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடை உருட்டுவார்கள். பெரிய எண் விழுந்தால் ஜெயம். கதை சொல்பவரே வீரனாகவும் ஆடலாமா என்று புத்தகத்தைத்தான் கேட்க வேண்டும். அது குமரேசனின் பீரோவில் இருந்தது.

அவருடைய வீரன் அக்கினிகேது. வாளால் மலையைப் பிளப்பான், வீணை வாசிப்பான், தூங்க மாட்டான். வினோதினியின் மந்திரக்காரி மந்திரத்தை முடிப்பதற்குள் எதிரி செத்திருப்பான். வளவனின் வைத்தியர் இதுவரை யாருக்கும் கட்டுப் போட்டதில்லை. அடிபடும் தூரத்துக்கு மற்றவர்களை அக்கினிகேது விட்டால்தானே. கோபியின் வில்லாளி தீப்பந்தம் பிடித்தான்.

கீழ்பென்னாத்தூர் கோபிக்கு அது கடைசி ஞாயிறு. மறுநாள் ஸ்ரீபெரும்புதூர், மச்சான் பார்த்துவைத்த கம்பெனி வேலை. படிப்பை அப்பா முடிவு செய்தார், வேலையை மச்சான் முடிவு செய்தார்.

"போறதுக்குள்ள ஒரு அசுரன், வினோ," என்று படிக்கட்டில் சொன்னான். "நானா அடிச்சேன்னு ஒண்ணு இருக்கட்டும்."

"அந்தாளு உட்டாதானே." இரண்டு படி ஏறியவள் நின்றாள். "அவரே ஒரு விரதம் வெச்சாரு, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பௌர்ணமிதோறும் அக்கினிகேது கிரிவலம் போவான். நடுவில் நிற்க மாட்டான், திரும்பிப் பார்க்க மாட்டான், பாதையை விட்டு இறங்க மாட்டான். பெருமைக்குப் பெருமையாகக் குமரேசனே சொன்னது. அவர் கற்பனையில் மலை என்றால் ஜன்னலில் தெரிகிற மலைதான்.

ஆட்டத்தில் மூவரும் கும்பாசுரன் கோட்டைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்கள்.

"என்னடா பண்றீங்க?"

"பௌர்ணமி வரிக்கும் வெயிட் பண்றோம் மாஸ்டர்," என்றாள் வினோதினி.

குமரேசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. பௌர்ணமி வந்துடுச்சு. அக்கினிகேது கிளம்பிட்டான்."

"ரொம்ப தூரம் போயிட்டாரா?" என்றான் வளவன்.

"போயிட்டான்டா. உருட்டுங்க."

கும்பாசுரன் மேல் அம்பு என்று சொல்லி, கோபி கண்ணை மூடி உருட்டினான். பகடை டைப்ரைட்டரில் மோதி நின்றது. இருபது. அதற்கு மேல் எண் கிடையாது. வளவன் எழுந்தே விட்டான்.

குமரேசன் பகடையை வெகுநேரம் பார்த்தார். ஆறிப்போன டீயைக் குடித்தார்.

"கோட்டையில யாரும் இல்லியே. கதவு தொறந்து கெடக்குது."

"என்னா மாஸ்டர் இது?"

"கும்பாசுரன் யாரு? அசுரன். அசுரங்க யாரு? சிவபக்தங்க. பௌர்ணமி அன்னிக்கு வூட்ல குந்தினு இருப்பானா? அவனும் கிரிவலம் போயிட்டான்."

மூவரும் இந்தப் பக்கத்து ஆட்கள். பௌர்ணமி கிரிவலத்தைத் தவறவிட்டதில்லை.

"அடி அண்ணாமலைகிட்ட அக்கினிகேது அவன வெட்டிட்டான்."

"நிக்கவே மாட்டாருன்னீங்க," என்றாள் வினோதினி.

"நிக்கலியே. பின்னாலருந்து வேகமா வந்தான், வெட்டினான், நடந்துனே இருந்தான். விரதமும் கெடல, அவனுக்கும் மோட்சம்."

கோபி பகடையை எடுத்து டப்பாவில் போட்டான். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

"அப்ப என் இருபது, மாஸ்டர்?"

குமரேசன் அநியாயக்காரர் அல்ல. விழுந்த எண்ணுக்கு மரியாதை தருபவர். கொஞ்சம் யோசித்தார்.

"உன் அம்பு நேரா போயி கோட்டைக் கதவத் தொறந்துச்சுடா. அப்படி ஒரு அம்ப அக்கினிகேதுவே உட்டதில்ல."

கதவு ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது.