யாரிடமிருந்து கேட்டீர்கள்?

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது கண்டுபிடித்து என் மானத்தை வாங்க வேண்டாம். சனிக்கிழமை மதியம் என் தங்கை வந்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நாற்காலியில் உட்கார்ந்து, "அண்ணா, எனக்கு ஒரு கதை எழுதித் தா" என்றாள். நான் பதினெட்டு வருடமாக எழுதுகிறேன். அவள் என் கதை ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை. "உன் கதையில எல்லாரும் ரொம்ப யோசிக்கறாங்க" என்பது அவள் விமர்சனம். அவளே வாய் திறந்து கேட்கிறாள் என்றால் விஷயம் சின்னதாக இருக்காது.

"எதுக்கு?"

"திங்கக்கிழமை பத்து மணிக்கு என்ன பண்றதுன்னு தெரியல. நீ மூணு நாலு விதமா முடிச்சுக் காட்டு. எதுக்குள்ள என்னால இருக்க முடியும்னு பாத்துக்கறேன்."

ஆக, இலக்கியம் இல்லை. துணிக்கடையில் சட்டையைப் போட்டுப் பார்க்கிற வேலை. எனக்குச் சம்மதம். ஒரு கதையை எப்படி முடிப்பது என்பதில் நான் கெட்டிக்காரன்.

2

முதல் தொடக்கம்: "அன்று காலை ஆலைச் சங்கு ஊதியபோது வானம் ஒரு

(வேண்டாம். தங்கை வேலை பார்க்கும் இடத்தில் சங்கு கிடையாது, அடையாள அட்டையைக் காட்டினால் கீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வானமும் தெரியாது.)

இரண்டாவது தொடக்கம்: "கொரிய மொழியில் ஒரு சின்ன உருபு உண்டு." இது தேவலாம்.

கார் கதவுகளுக்கு உள்தகடு அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் என் தங்கை கொரிய மொழிபெயர்ப்பாளர். மேலே இருக்கும் மேலாளர் கொரியர். கீழே இயந்திரம் ஓட்டுகிறவர்கள் தமிழர்கள். நடுவில் இவள் வாய். உருபின் பெயர் 'ஹந்தெஸொ'. ஒரு செயல் எந்த ஆளிடமிருந்து புறப்பட்டது என்று காட்டுவது அதன் வேலை. யாரிடமிருந்து கேட்டாய், யாரிடமிருந்து வாங்கினாய், யாரிடமிருந்து அடி வாங்கினாய் எல்லாவற்றுக்கும் அதுதான். ஆளுக்கு மட்டுமே ஒட்டும். ஊருக்கோ அலுவலகத்துக்கோ என்றால் 'எஸொ' என்று வேறு ஒன்று. நாமும் தங்கையிடமிருந்து என்கிறோம், தொழிற்சாலையிலிருந்து என்கிறோம், இல்லையா? அதே பிரிவினை.

[அடிக்குறிப்பு மாதிரி: ஹந்தெஸொ பேச்சுக்கு. எழுத்தில் இதற்கே 'எகெஸொ' என்று சட்டையை உள்ளே விட்ட வடிவம் ஒன்று உண்டு. என் கொரிய ஞானம் இத்துடன் முடிகிறது. மேலே கேட்காதீர்கள்.]

"நம்ம பாஷை மாதிரிதான் அண்ணா. ஆளைச் சொல்லிட்டுத்தான் உருபுக்கு வரணும். அதனாலதான் எனக்குச் சீக்கிரமா வந்துச்சு" என்றாள். பிறகு, "திங்கக்கிழமை அந்த ஆள் நான்தான்" என்றாள்.

3

நடந்ததைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் இயந்திரத்தின் முன்னால் ஒரு சென்சார் இருக்கும். கை உள்ளே போனால் இயந்திரம் அப்படியே நின்றுவிடும். அதைத் தொழிலாளிகள் 'கண்ணு' என்கிறார்கள். எண்ணெய்ப் படலம் படிந்தால் கை போகாமலே கண்ணு இயந்திரத்தை நிறுத்தித் தொலைக்கும். மூன்று வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை அரை மணியில் ஏழு முறை நிறுத்தியது. வாசலில் லாரி நிற்கிறது, நானூறு தகடு பாக்கி. மேலாளர் மாடியில் கண்ணாடி அறையில் இருந்தார். என் தங்கையின் காதில் மாட்டியிருந்த கருவியில் பேசினார். அவள் அந்த இயந்திரத்தை ஓட்டும் பிரஸ்காரர் பக்கத்தில் போய் நின்று தமிழில் சொன்னாள்:

"சென்சாரை ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்க. நான் பாத்துக்கறேன்."

இங்கே ஒரு தொழில் ரகசியம். நல்ல மொழிபெயர்ப்பாளர், "அவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்" என்று சொல்ல மாட்டார். பேசுகிறவர் 'நான்' என்றால் இவரும் 'நான்' என்பார். அப்படித்தான் பயிற்சி. ஒரு நாளைக்கு இருநூறு தடவை 'நான்' சொல்கிறாள், அதில் ஒன்றுகூட அவள் இல்லை. பழகியவர்களுக்கு இது புரியும். பிரஸ்காரர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கொரியப் பேச்சு அவர் காதில் விழவே இல்லை. விழுந்தது இவள் குரல் மட்டும்.

நானூற்றில் முந்நூற்றுப் பத்தாவது தகட்டில் அவருடைய வலது கையில் இரண்டு விரல் நசுங்கின.

இப்போது மேலாளர் சொல்வது: "சென்சாரைத் துடைக்கத்தான் சொன்னேன். மொழிபெயர்ப்பில் பிழை." எதுவும் பதிவாகவில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்குக் கொரிய அதிகாரிகள் முன்னால் விசாரணை. பிரஸ்காரரிடம் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: யாரிடமிருந்து கேட்டீர்கள்? அவர் பதிலைக் கொரிய மொழியில் சொல்லப்போவது என் தங்கை.

4

கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. எழுதுகிறவனுக்கு அது கடமை.

"அவர் சொன்னப்ப ஆபத்துன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொன்ன?"

"என் அபிப்பிராயத்தை யாரு கேட்டா? என் வேலை அது இல்ல." பிறகு என் காகிதத்தைக் காட்டினாள். "அதையும் எழுது. என்னைக் குளிப்பாட்டிப் பொட்டு வச்சு உக்கார வைக்காத."

எழுதிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். பிரஸ்காரர் கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, இடது கையால் அவளுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாராம்.

"பொய் சொல்ல வராதும்மா எனக்கு. 'நான் பாத்துக்கறேன்'னு நீதானே சொன்ன?"

"நான்தான் சொன்னேண்ணே."

"உன் பேரைத்தான் சொல்லுவேன். கோவிச்சுக்காத."

அவருக்கு இவள்மேல் கோபம் இல்லை. அதுதான் இவளுக்குத் தாங்கவில்லை. (இந்த இடத்தில் அவள் என் வீட்டில் அழுதாள். அதற்கு உவமை ஒன்று தயாராக வைத்திருந்தேன், அடித்துவிட்டேன். அழுதாள், அவ்வளவுதான்.)

5

முடிவு அ. பிரஸ்காரர் "மொழிபெயர்ப்பாளர்கிட்டயிருந்து கேட்டேன்" என்கிறார். இவள் கொரிய மொழியில் "மேலாளரிடமிருந்து கேட்டேன்" என்கிறாள். அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவர் இவள் ஒருத்திதான், யாருக்கும் தெரியப்போவதில்லை. அதைவிட, சொன்னது உண்மையும்கூட. நியாயம் வென்றது, எனக்குப் பரம திருப்தி.

படித்துக் காட்டினேன். தலையை ஆட்டினாள். "ஒரு தடவை மாத்திட்டேன்னா, அப்புறம் நான் சொல்ற எதையும் நானே நம்ப மாட்டேன். அவர் வாயில இல்லாததை நான் எப்படி வைக்கறது?"

முடிவு ஆ. "உத்தரவு அலுவலகத்திலிருந்து வந்தது." ஆளே இல்லை, இடம்தான். யார் தலையும் உருளாது. நழுவுவதற்கு இதைவிட வசதியான வாக்கியம் எந்த மொழியிலும் இல்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

"ஆபீஸுக்கு வாய் இருக்கா அண்ணா?" என்றாள். இதையும் அடித்தேன்.

முடிவு இ. (உங்களில் விவரமானவர்கள் இந்நேரம் இதைக் கேட்டிருப்பீர்கள்.) தன்மேல் குற்றம் வரும் விசாரணையில் தானே மொழிபெயர்க்க முடியாது, வேறு ஆளைப் போடுங்கள் என்கிறாள்.

"கேட்டேன். வேற ஆள் வர மூணு வாரம் ஆகும்னாங்க. விசாரணை முடிஞ்சாதான் அவரோட ரெண்டாவது ஆபரேஷன் செலவுக்குக் கம்பெனி கையெழுத்துப் போடும். டாக்டர் பத்து நாளுக்கு மேல தாங்காதுங்கறார். நான் ஒதுங்கினா என் வேலை தப்பிக்கும், அவர் விரல் போயிடும்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான்காவது முடிவை எழுதினேன். சும்மா சொல்லக்கூடாது, அபாரமாக வந்தது. அவள் எழுந்து நிற்கிறாள், மேலாளரை நேருக்கு நேர் பார்க்கிறாள், ஒரு பக்கத்துக்குப் பேசுகிறாள். கண்ணாடி அறை, லாரி, முந்நூற்றுப் பத்தாவது தகடு எதையும் விடவில்லை. அதைப் படித்துக் காட்டத்தான் நேரம் வாய்க்கவில்லை.

6

திங்கட்கிழமை, பதினொன்று இருபது. போன்.

"அண்ணா, இடைவேளை விட்டிருக்காங்க. பத்து நிமிஷம்."

"சொல்லு."

"கேட்டாங்க. அவர் சொன்னார். நானும் சொன்னேன்."

"எப்படிச் சொன்ன?"

"அவர் சொன்னபடியே. மொழிபெயர்ப்பாளரிடமிருந்து கேட்டேன்னு."

அறையில் யாரும் அசையவில்லையாம். என்ன மொழிபெயர்த்தாள் என்று புரியாத பிரஸ்காரர் மட்டும், சரியாகச் சொன்னோமா என்பது போல இவளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மேலாளர் தண்ணீர் குடித்துவிட்டு, "துல்லியமான மொழிபெயர்ப்பு, நன்றி" என்றாராம். மொழிபெயர்ப்புப் பிழை என்று தாள் தயாராகிறது. உள்ளே போனதும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். இவள் போட்டால் வேலை போகும். விபத்துக்குக் காரணமானவள் என்ற பேரோடு இந்தத் தொழிலில் எங்கும் நுழைய முடியாது. கண்ணை மூடச் சொன்னவர் கண்ணாடி அறையிலேயே இருப்பார்.

"அதுக்கு முன்னாடி, மொழிபெயர்ப்பாளர் ஏதாவது சொல்ல விரும்பினா சொல்லலாம்னு விசாரணைத் தலைவர் சொல்லியிருக்கார்" என்றாள். "ஒன்பது வருஷத்துல என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல."

"நாலாவது முடிவு எழுதிட்டேன். இரு, படிக்கறேன். 'ஐயா, உங்கள்

"வேண்டாம்."

"கேளேன், நல்லா வந்திருக்கு."

"நல்லாத்தான் இருக்கும். நீ எழுதிக் குடுத்து நான் பேசினா, அதுவும் இன்னொருத்தர் பேச்சுதானே அண்ணா?"

காகிதத்தைக் கீழே வைத்தேன். யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்டது. "வைக்கறேன்" என்றாள். குரல் நடுங்கவில்லை. கொஞ்சம் நடுங்கியது. எனக்கு அவள்மேல் அவ்வளவு பெருமையாக இருந்தது, அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் "சாப்பிட்டியா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அதற்குள் வைத்துவிட்டாள்.

7

நான்காவது முடிவைக் கிழித்துப் போட்டேன். கெட்டிக்காரத்தனத்துக்கு ஓர் அளவு உண்டு.

வழக்கப்படி இந்த இடத்தில் முடிவை உங்கள் கையில் கொடுக்க வேண்டும். ஆசிரியனுக்கும் நிம்மதி, வாசகருக்கும் கௌரவம். ஆனால் கொடுக்கப்போவதில்லை. அவள் என்ன சொல்ல வேண்டும் என்று இந்நேரம் உங்கள் மனதில் ஒரு வாக்கியம் உருவாகியிருக்கும். என்னுடையதைவிட நன்றாகவும் இருக்கலாம். தயவுசெய்து அதை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். மூடிய கதவுக்குப் பின்னால் அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பாள். இந்த முறை 'நான்' என்றால் அவள்தான். நாம் கொஞ்ச நேரம் சும்மா இருப்போம்.