பெரியப்பா பார்த்து ஒதுக்கிய விளையாட்டுகள்

அன்று மதியம் அந்த வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். லிப்ட் ஆய்வாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா, அவருடைய தம்பி மகள் பாப்பா, பாப்பாவின் அம்மா, பெரியப்பாவின் தங்கை, அதாவது பாப்பாவின் அத்தை, அத்தையின் கணவர் மூக்குக் கண்ணாடிக்கடை மாமா, அவர்களுடைய மகன். எந்த வீட்டுக்குப் போனாலும் எதையாவது திருகிப் பார்க்காமல் கை அடங்காது என்பதால் அந்த மகனுக்குச் சின்ன வயதிலேயே 'சுவிட்சு' என்று பெயர் விழுந்துவிட்டது. பாப்பாவின் அப்பா கப்பலில் இன்ஜினியர். அவர் கடலில் இருந்தார். கீழ்வீட்டு அம்மாள் தானும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் இல்லை. சத்தம் கேட்டு அவர் மாடிப்படி ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பாப்பா என்றால் குழந்தை இல்லை. கல்லூரியில் படிக்கிற பெண். வீட்டில் கூப்பிட்டுப் பழகிய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

அவளுக்கு வலிப்பு வரும். எப்போதும் வராது. வெளிச்சம் படபடவென்று அணைந்து அணைந்து எரிந்தால் வரும். முதல் முறை வந்தபோது டிவியில் கார் பந்தய விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சுரங்கப் பாதைக்குள் கார் போக, இரண்டு பக்கமும் விளக்குகள் மின்னி மின்னி ஓட, சோபாவிலிருந்து பாப்பா பலகை மாதிரி சரிந்தாள். பெரியப்பாதான் பக்கத்தில் இருந்தார். அவளுடைய குதிகால்கள் தரை டைல்ஸில் தடதடவென்று அடித்த சத்தம் அவர் காதை விட்டுப் போகவே இல்லை. அடுப்பில் மூடி ஆடினாலும், பக்கத்து வீட்டில் வாஷிங் மெஷின் குலுங்கினாலும், அவர் கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிடுவார்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். விளையாடக் கூடாது என்று சொல்லவில்லை. "இருட்டுல உக்காந்து பார்க்கக் கூடாது. தள்ளி உக்காரணும். மின்னுற மாதிரி எதையும் பார்க்கக் கூடாது. தெரியாம மாட்டிக்கிட்டா ஒரு கண்ணை உள்ளங்கையால அழுத்தி மூடிட்டு முகத்தைத் திருப்பிடணும். ரெண்டு கண்ணையும் வெறுமனே இறுக்கி மூடினா பிரயோஜனம் இல்ல; இமைக்கு உள்ளயும் வெளிச்சம் போகும்" என்றார்.

பெரியப்பா அன்றே இரண்டு முடிவுகள் எடுத்தார். ஒன்று, இந்த விஷயம் வாசற்படி தாண்டக் கூடாது. நாளைக்கு அவள் ஒரு வீட்டுக்கு வாழப் போக வேண்டியவள். சொந்தத் தங்கைக்குக்கூடச் சொல்லவில்லை. தங்கை நல்லவள்தான், ஆனால் அவள் காதில் போட்டால் தண்டோரா போட்ட மாதிரி. இரண்டாவது, அந்த டிவியில் விளையாட்டுகளை இறக்கிக்கொள்கிற 'கடை'யை அவரே காவல் காப்பது.

அந்தக் கடையைத் திறந்தால் வரிசை வரிசையாகப் படங்கள். ஒரு படத்தின் மேல் கொஞ்சம் நின்றாலே போதும், முன்னோட்டம் தானாக ஓட ஆரம்பித்துவிடும். அதை முதலில் நிறுத்தி வைத்தார். பிறகு வடிகட்டும் பக்கத்துக்குப் போனார். திகில் வேண்டாம், துப்பாக்கி வேண்டாம், கார் பந்தயம் வேண்டாம், தாளத்துக்கு ஆடுகிற விளையாட்டு வேண்டாம் என்று வகை வகையாக ஒதுக்கலாம். ஆனால் அவருக்கு எது வேண்டாமோ அந்த வகை மட்டும் கடையில் இல்லை. ரத்தம் வருமா, கெட்ட வார்த்தை வருமா, சூதாட்டம் உண்டா, எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். மின்னும் வெளிச்சத்துக்குப் பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. சாதுவாகத் தெரிந்த ஒரு தோட்ட விளையாட்டைத் திறந்து பார்த்தார்; தக்காளிச் செடிக்கு நடுவே இடி மின்னல் வெட்டோ வெட்டென்று வெட்டியது. சட்டென்று அணைத்தார்.

தான் ஏறிப் பார்க்காத லிப்டில் ஆயுள் முழுக்க இன்னொருவரை ஏற்றாதவர் அவர். இங்கேயும் அதையே செய்தார். பாப்பா கல்லூரிக்குப் போனதும் ஹாலில் உட்கார்ந்து, கடையில் மிஞ்சியிருந்த ஒவ்வொன்றின் முன்னோட்டத்தையும் முழுக்கப் பார்ப்பார். மின்னினால் 'இதை இனிக் காட்டாதே' என்பதை அழுத்துவார். அப்படி மாதக்கணக்கில் அவர் பார்க்காத கண்றாவி இல்லை. ஒரு நாள் பார்சல் கொடுக்க வந்த கீழ்வீட்டு அம்மாள், திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தார். திரையில் அரைகுறை உடுப்போடு ஒருத்தி வாள் சுழற்றிக்கொண்டிருந்தாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பெரியவர் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே அந்தக் கதை கட்டடம் முழுக்கச் சுற்றி வந்தது. பெரியப்பா காதிலும் விழுந்தது. விளக்கம் சொல்ல வேண்டுமென்றால் பாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். படியில் நிமிர்ந்தே ஏறி இறங்கினார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பாடு முடிந்து, பாப்பாவும் அவள் அம்மாவும் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா சாய்வு நாற்காலியில் அரைத் தூக்கத்தில் இருந்தார். சுவிட்சு ரிமோட்டைக் கையில் எடுத்தான்.

"என்ன மாமா இது? கடையைத் தொறந்தா நாலு மீனும் ரெண்டு தோட்டமும்தான் இருக்கு. சாமியார் மடத்துலகூட இதைவிட சரக்கு இருக்கும்!"

"இருக்கறது போதும். அதைக் கீழ வை."

"யாரோ ஃபில்டர் போட்டு நசுக்கி வச்சிருக்காங்க."

"யாரோ என்ன யாரோ?" என்றாள் அத்தை. "எங்க அண்ணன்தான். அந்தக் காலத்துல வாரப் பத்திரிகை வாங்கினா, அட்டைப் படத்து மேல பழுப்புத் தாள் ஒட்டித்தான் என் கையில குடுப்பாரு."

கண்ணைத் திறக்காமலே மாமா சொன்னார்: "அப்படி ஒரு முகத்தையும் பார்க்க விடாம வளர்த்ததாலதான் என்னைப் பார்த்ததும் சரின்னுட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் பல்லைக் காட்டினார். அவர் கண் ரிமோட்டிலேயே இருந்தது. சுவிட்சின் கட்டை விரல் வடிகட்டும் பக்கத்துக்குப் போயிருந்தது. அடியில் ஒரே ஒரு பொத்தான்: 'எல்லாவற்றையும் நீக்கு.'

"டேய், அதைத் தொடாதே!"

அழுத்திவிட்டான். அத்தனை நாள் வேலை ஒரு அழுத்தலில் போயிற்று. திரை முழுக்கக் கோரைப் பல்லும் நெருப்பும் துப்பாக்கியுமாக நிரம்பி வழிந்தது.

"இப்பதான் கடை மாதிரி இருக்கு" என்றான் சுவிட்சு. "முன்னோட்டத்தையும் ஆஃப் பண்ணி வச்சிருக்கீங்க. இருங்க, அதையும் போட்டு விடறேன்."

"வேண்டாம்ப்பா. கண்ணு வலிக்கும்."

"கண்ணு வலிச்சா நான் எதுக்கு இருக்கேன், மச்சான்?" என்றார் மாமா. "குடும்பத் தள்ளுபடி உண்டு."

"ஜன்னல் வெளிச்சம் திரையில அடிக்குது" என்று எழுந்த சுவிட்சு, கர்ட்டனைச் சர்ரென்று இழுத்து மூடினான். ஹால் இருண்டது. செய்யக் கூடாது என்று டாக்டர் சொன்ன ஒவ்வொன்றையும், வரிசை பிசகாமல், பாசத்தோடு செய்துகொண்டிருந்தான் பையன். அடுக்களையில் கப்புகள் தட்டில் ஏறுகிற சத்தம் கேட்டது.

"சுவிட்சு, நான் சொல்றேன். அணைச்சிடு."

"அப்படி என்ன மாமா மறைக்கிறீங்க? கீழ்வீட்டம்மா படியிலயே எங்கிட்ட ஒரு மாதிரி சொன்னாங்களே..."

"அடி வாங்குவே" என்று அத்தை அதட்டினாள். ஆனால் அவளும் அண்ணன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

பெரியப்பாவுக்கு முகம் சுட்டது. அது பெரிதில்லை. டிவியின் பிளக் எங்கே இருக்கிறது என்று அவர் மனது தேடிக்கொண்டிருந்தது. டிவிக்குப் பின்னால், மரத் தாங்கியின் இடது மூலையில். போய்ப் பிடுங்கிவிட்டு, "ஃபியூஸ் போச்சு" என்று சொல்லிவிடலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. முழங்காலில் கை ஊன்றி எழுந்தார்.

அவர் இரண்டு எட்டு வைப்பதற்குள் பாப்பா டீத் தட்டோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். சுவிட்சு ஒரு படத்தின் மேல் நிறுத்தினான். முன்னோட்டம் தானாக ஓடத் தொடங்கியது.

நீளமான ஆஸ்பத்திரித் தாழ்வாரம். கூரையில் ஒரு கெட்டுப்போன டியூப் லைட். எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. இருண்ட ஹால் முழுவதும் வெள்ளையாகவும் கறுப்பாகவும் துடித்தது. சுவர் துடித்தது. அத்தையின் முகம் துடித்தது.

தட்டில் ஸ்பூன்கள் கிணுகிணுவென்று ஆடின.

அந்தச் சத்தம் பெரியப்பாவுக்கு மட்டும்தான் புரிந்தது. திரும்பிப் பார்த்தார். பாப்பாவின் கண்கள் திரையில் குத்திட்டு நின்றன. அவள் திருப்பிக்கொள்ளவில்லை, திருப்ப முடியவில்லை. தட்டைப் பிடித்திருந்த அவள் கட்டை விரல் ஒரு முறை வெட்டி இழுத்தது. பிளக் இந்தப் பக்கம், பெண் அந்தப் பக்கம். பிளக்குக்குப் போனால் குடும்ப ரகசியம் தப்பிக்கும். ஆனால் தாங்கியைச் சுற்றிக்கொண்டு, குனிந்து, இருட்டில் துழாவ வேண்டும். அதற்குள்?

பெரியப்பா பெண்ணிடம் போனார். அந்த வயதில் அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. ஒரு கையால் அவள் வலது கண்ணை அழுத்தி மூடி, மறு கையால் தலையைத் திருப்பித் தன் தோளோடு அணைத்துக்கொண்டார். தட்டு விழுந்தது. கொதிக்கிற டீ அவர் பாதத்தில் கொட்டியது.

"பிளக்! பிளக்கைப் புடுங்கு!"

பாப்பாவின் அம்மாவுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுக்களையிலிருந்து பாய்ந்து வந்தவள் ஒயரோடு சேர்த்து இழுத்தாள். டிவி முன்னால் சாய்ந்தது. சுவிட்சு இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தான். ஹால் மறுபடியும் இருண்டது.

பெரியப்பா குதிகால் சத்தத்துக்காகக் காத்திருந்தார். தன் தோளில் இருக்கிற உடம்பு எந்த நொடியில் பலகையாகும் என்று காத்திருந்தார். அவர் மேல் பட்டிருந்த அவள் கட்டை விரல் இன்னொரு முறை வெட்டி இழுத்தது. அப்புறம் இன்னொன்று. பிறகு நின்றது. நின்றதா, அல்லது அடுத்ததற்கு மூச்சு வாங்குகிறதா? அவருக்குத் தெரியவில்லை.

"பாப்பா. இன்னைக்கு என்ன கிழமை?"

பதில் வரவில்லை.

"பாப்பா, பெரியப்பா கேக்கறேன். என்ன கிழமை?"

"ஞாயிறு" என்றாள், தூக்கத்திலிருந்து பேசுகிறவள் மாதிரி. கொஞ்சம் பொறுத்து, "உங்க கால்ல டீ கொட்டியிருக்கு பெரியப்பா. கையை எடுங்க, கண்ணு வலிக்குது."

அவர் எடுக்கவில்லை. எடுக்கத் தைரியம் வரவில்லை.

அத்தைக்கு அப்போதுதான் குரல் வந்தது. "என்னண்ணே இது? ஒரு பேய்ப் படத்துக்கா இந்த ஆட்டம்? அப்படி என்ன அசிங்கம் வந்துடுச்சு டிவில, பொண்ணு கண்ணைப் பொத்துற அளவுக்கு?"

தங்கையே வழி திறந்து கொடுத்துவிட்டாள். ஒரு தலையாட்டல் போதும். ஆமாம், அசிங்கம்தான் என்று சொல்லிவிட்டால் பெரியவர் ஒரு கிறுக்கு என்பதோடு போய்விடும். கீழ்வீட்டுக் கதைக்குக் கையும் காலும் முளைக்கும், முளைக்கட்டும். பாப்பாவின் பெயர் அடிபடாது. பெரியப்பா தலையாட்டத் தயாராகி, தொண்டையைச் செருமினார்.

அவர் தோளிலிருந்து பாப்பா முகத்தை எடுத்தாள்.

"அசிங்கம் எதுவும் இல்ல அத்தை. எனக்கு வலிப்பு இருக்கு. மின்னுற வெளிச்சம் பார்த்தா வரும். எனக்கு முன்னாடி எல்லாத்தையும் பெரியப்பா பார்த்து, ஆகாததை ஒதுக்கி வைப்பாரு. அதான் கடையில மீனும் தோட்டமும் மட்டும் இருக்கு."

பெரியப்பாவுக்குக் கால் எரிச்சல் அப்போதுதான் உறைத்தது. தங்கையின் முகத்தைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. பந்தய விளையாட்டு ஓடிய அந்த நாளைவிடக்கூடப் பயமாக இருந்தது. இருட்டில் அவள் முகம் சரியாகத் தெரியவும் இல்லை.

"சுவிட்சு" என்றாள் அத்தை. "கர்ட்டனைத் தொற."

அவன் டிவியை மெதுவாக நிமிர்த்தி வைத்துவிட்டுத் திறந்தான். வெளிச்சம் வந்தது. அத்தை முழங்காலிட்டு உட்கார்ந்து, தன் முந்தானையால் அண்ணனின் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டகூட சொல்லலையேண்ணே."

"உன் வாய்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"என் வாய் அப்படித்தான்" என்றாள். "அதுக்காக? தெரிஞ்சிருந்தா இவன் கையைக் கட்டிக் கூட்டிட்டு வந்திருப்பேன்ல?"

சுவிட்சு சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை. "எனக்குத் தெரியாது மாமா. சத்தியமா தெரியாது. நான் திரும்ப எல்லாத்தையும் ஒதுக்கி வச்சிடறேன். எதெது மின்னும்னு சொல்லுங்க."

"சொல்லித் தெரியாது" என்றார் பெரியப்பா. "உக்காந்து பார்க்கணும்."

அந்தச் சமயத்தில்தான் கீழ்வீட்டு அம்மாள் வாசலில் வந்து நின்றார். அவர் பார்த்தது உடைந்த கப்புகள், வாசலைப் பார்த்துக் கோணலாக நிற்கும் டிவி, முகம் வெளிறிய பையன், அவ்வளவுதான்.

பெரியவர் திருட்டுத்தனமாகப் பார்த்துவந்த படம் தங்கை மகன் கையில் சிக்கிவிட்டது என்றும், அந்த ஆத்திரத்தில் டிவியைப் போட்டு உடைத்தார் என்றும், அதனால் தங்கை குடும்பம் உறவை அறுத்துக்கொண்டு போய்விட்டது என்றும் அந்தக் கட்டடத்தில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அவர் எதையும் உடைக்கவில்லை. உடைந்தவை டீக் கப்புகள். டிவி நன்றாக ஓடுகிறது. தங்கை குடும்பம் ஞாயிறுதோறும் வருகிறது; பையன் பகல் வெளிச்சத்தில், கர்ட்டனைத் திறந்து வைத்துக்கொண்டு, பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முன்னோட்டம் பார்க்கிறான். அந்தப் பெண்ணுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிடுகிறாள். கல்லூரிக்குப் போய் வருகிறாள்.